அப்பாவின் 55 விழுக்காடு

2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அப்பா காலமானார். மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் பி. ரம்லி சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் புறப்பட்டுப் போன பிறகு, அவர் விட்டுச் சென்றவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். இ.பி.எஃப். சேமிப்பில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதற்கு அடுத்ததாக, 2011ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்ட 1,300 சிசி பெரோடுவா மைவி ஒன்று இருந்தது. அப்பா கடைசி வரை அதைக் காடி என்றுதான் சொல்வார்; நாங்கள்தான் படித்துவிட்டோம் என்று கார் என்றும் மகிழுந்து என்றும் மாற்றிக்கொண்டோம். அதை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளும்படி அம்மாவும் அண்ணனும் சொன்னார்கள். அப்பாவுக்குக் கண் பார்வை மங்கத் தொடங்கியதிலிருந்து, ஏறக்குறைய நான்கு ஆண்டுகளாக அதை ஓட்டிக்கொண்டிருந்தவள் நான்தான். காலையில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போவதும், மாலையில் அப்பாவைச் சந்தைக்கும் மருந்துக்கும் அழைத்துப் போவதும், தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு எவ்வளவு அருகில் போக முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுபோய் நிறுத்துவதும் என் வேலை. அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

பெயர் மாற்றத்தின்போது புதிதாகக் காப்புறுதி எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான முகவரிடமே போனேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டிய தொகையைப் பார்த்து, ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைத்தேன். முந்திய ஆண்டு நான்தான் போய்க் கட்டினேன் என்பதால் தொகை எனக்கு நினைவில் இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “என்.சி.டி. அப்பாவோட போயிடுச்சும்மா” என்றார்.

என்.சி.டி. என்பது இழப்பீடு கோராதவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் தரப்படும் கழிவு. மலேசியாவில் தனியார் கார்களுக்கு, ஓராண்டு முழுவதும் கோரிக்கை எதுவும் வைக்காமல் இருந்தால் 25 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு 38.33, நான்காம் ஆண்டு 45, ஐந்தாம் ஆண்டு முதல் 55 விழுக்காடு என்று அது படிப்படியாக ஏறும். ஒரே ஒரு கோரிக்கை வைத்தால் உச்சிப் படியிலிருந்து தரைக்கு வந்துவிட வேண்டியதுதான். இந்தக் கழிவு காருக்கு உரியதல்ல, காரின் உரிமையாளருக்கு உரியது. ஆகவே ஒருவர் தம் பழைய காரிலிருந்து புதிய காருக்கு அதைக் கொண்டுபோகலாம், ஆனால் தகப்பன் மகளுக்குக் கொடுக்க முடியாது. ஓட்டியவர் யார் என்ற கேள்வி அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

அப்போது முழுக் காப்புறுதிக்கு நாடு தழுவிய கட்டண விகிதம் ஒன்று நடப்பில் இருந்ததால், எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அடிப்படைக் கணக்கு ஒன்றாகவே இருக்கும். தீபகற்பத்தில் 1,400 சிசி வரையிலான காருக்கு, காப்புறுதி செய்யும் தொகையில் முதல் 1,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) 273.80 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு 1,000 வெள்ளிக்கும் 26 வெள்ளி. (சபா, சரவாக் மாநிலங்களில் இதே காருக்கு 196.20 வெள்ளியும் 20.30 வெள்ளியும்தான், கடலைத் தாண்டினால் மலிவு.) மைவியின் சந்தை மதிப்பை அன்று 28,000 வெள்ளி என்று போட்டார்கள். கணக்குப்படி 975.80 வெள்ளி. அப்பா உயிரோடு இருந்து, அவருடைய 55 விழுக்காடு கழிக்கப்பட்டிருந்தால் 439.11 வெள்ளி. வரியும் முத்திரைக் கட்டணமும் தனி. நான் கணக்காய்வுப் பிரிவில் வேலை செய்பவள், 536.69 வெள்ளி வித்தியாசத்தை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று அன்றிரவு எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு எனக்குப் பணத்தட்டுப்பாடும் சேர்ந்து வந்தது. அப்பாவை ஒரு தனியார் மருத்துவமனையில் வைத்திருந்த மூன்று வாரங்களின் செலவைக் கடன் அட்டைகளில் போட்டிருந்தேன். முதல் சில மாதங்கள் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினேன், பிறகு அதையும் கட்ட முடியாமல் இரண்டு மாதம் விட்டுவிட்டேன். மத்திய வங்கியான பேங்க் நெகாரா நடத்தும் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்ற கடன் தகவல் பதிவேட்டில், கடந்த பன்னிரண்டு மாதத் தவணைகள் கட்டங்களாக இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் பூச்சியமும், தவறிய மாதங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப 1, 2 என்றும் விழும். என் அட்டையில் ஒரு 1, ஒரு 2 விழுந்தன. மறு ஆண்டு தொடக்கத்தில் ஒரு சிறு தனிநபர் கடனுக்கு மனுச் செய்தபோது, வங்கி ஊழியர் அந்த இரண்டு கட்டங்களைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். சி.டி.ஓ.எஸ். என்ற தனியார் நிறுவனம் 300 முதல் 850 வரை போடும் மதிப்பெண்ணும் அதற்கேற்பவே இருந்தது.

ஆனால் 2017 ஏப்ரலில் காப்புறுதியைப் புதுப்பித்தபோது, இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் படியான 25 விழுக்காடு கழிவு கிடைத்தது, அவ்வளவுதான். கேட்காததை நான் கவனிக்கவும் இல்லை. கடனுக்கும் காப்புறுதிக்கும் என்ன தொடர்பு? அப்படி ஒரு தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

அந்த ஏப்ரலில் முகவர் வற்புறுத்தியதால் வெள்ளம், நிலச்சரிவு போன்றவற்றுக்கான கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்துக்கொண்டேன். நம் நாட்டில் ‘முழுக் காப்புறுதி’ என்ற பெயரைக் கேட்டு எல்லாம் அதில் அடங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். வெள்ளம் அதில் அடங்காது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்போதைய விகிதம் காப்புறுதித் தொகையில் 0.5 விழுக்காடு. 26,000 வெள்ளி மதிப்புக்கு 130 வெள்ளி. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் நண்பர் என்ற மரியாதைக்காகத் தலையாட்டினேன்.

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பெய்யத் தொடங்கிய மழையைப் பினாங்கில் இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. விடிவதற்குள் எங்கள் தெருவில் தண்ணீர் காரின் இருக்கை வரை ஏறியிருந்தது. மைவியை இழுவை வண்டியில் ஏற்றி அனுப்பியபோது அதன் கதவிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. எங்கள் வரிசையில் ஏழெட்டுக் கார்கள் மூழ்கின. அந்த 130 வெள்ளியைக் கட்டாமல் விட்டவர்கள் தங்கள் கையிலிருந்துதான் பழுது பார்த்தார்கள். எனக்கு இழப்பீடு கிடைத்தது. கார் ஆறு வயதைத் தொட்டிருந்ததால், மாற்றிய புதிய பாகங்களின் விலையில் 20 விழுக்காட்டை நான் ஏற்க வேண்டியிருந்தது. பழைய பாகத்துக்குப் பதில் புதியது கிடைப்பதால் காரின் மதிப்பு கூடுகிறது என்பது அதற்குச் சொல்லும் காரணம். ஐந்து வயதில் 15 விழுக்காட்டில் தொடங்கிப் பத்து வயதில் 40 வரை அது ஏறும். மறு ஏப்ரலில் என் கழிவு மீண்டும் பூச்சியத்துக்கு வந்தது. கார் நின்றுகொண்டிருந்தது, சாவி சாமி மேடைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கழிவு போயிற்று. வெள்ளத்தை நான் ஓட்டி வரவில்லை என்று முகவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, பாவம்.

அப்போதுதான் சின்ன மாமா மகன் ஹூஸ்டனிலிருந்து அழைத்தான். பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன், 2015இல் அமெரிக்காவுக்குப் போனான். 2017 ஆகஸ்ட் மாதம் ஹார்வி புயலில் அவனுடைய காரும் மூழ்கியிருந்தது. அங்கே முழுக் காப்புறுதி என்றால் வெள்ளமும் அதற்குள்ளேயே வந்துவிடும் என்று அவன் சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. மூன்று மாத இடைவெளியில், உலகின் இரு மூலைகளில், ஒரே குடும்பத்தின் இரண்டு கார்கள் தண்ணீரில் போனதைப் பேசிச் சிரித்தோம்.

சில ஆண்டுகள் கழித்து அவன் மீண்டும் அழைத்தபோது குரலில் சிரிப்பு இல்லை. விபத்து எதுவும் இல்லை, சம்மன் எதுவும் இல்லை, காரும் அதே கார்; ஆனால் புதுப்பிப்புத் தொகை மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்தது. கூடவே ஒரு கடிதம் வந்திருந்தது. ‘உங்கள் கடன் அறிக்கையில் உள்ள தகவலின் அடிப்படையில்’ என்று தொடங்கிய அந்தக் கடிதத்தில் காரணங்கள் வரிசையாக இருந்தன: அண்மையில் தவணை தவறியது, அட்டைகளில் எல்லைக்கு நெருக்கமாகக் கடன் இருப்பது, கடன் வரலாறு குறுகியதாக இருப்பது. வீடு மாறியபோது பழைய அட்டை ஒன்றின் கடிதம் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. “அக்கா, நான் கடன் கட்டாததுக்கும் கார் ஓட்டறதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டான். அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு பல இரவுகள் இதையே படித்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் இது 1990களின் தொடக்கத்திலிருந்து வளர்ந்த பழக்கம். கடன் மதிப்பெண் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வரும் ஃபைக்கோ நிறுவனம், அதே கடன் அறிக்கையை வேறு வகையில் எடைபோட்டுக் காப்புறுதி மதிப்பெண் என்ற ஒன்றை உருவாக்கியது. வங்கி பார்க்கும் மதிப்பெண், கடனைத் திருப்பிக் கட்டுவாரா என்பதைக் கணிக்கிறது. காப்புறுதி மதிப்பெண், இழப்பீடு கோருவாரா என்பதைக் கணிக்கிறது. இதில் தவணை ஒழுங்குக்கு 40 விழுக்காடும், நிலுவையில் உள்ள கடனுக்கு 30 விழுக்காடும், கடன் வரலாற்றின் நீளத்துக்கு 15 விழுக்காடும், புதிய கடன் தேடும் முயற்சிகளுக்கு 10 விழுக்காடும், கடன் வகைகளின் கலவைக்கு 5 விழுக்காடும் எடை. வருமானத்துக்கு இடமில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்கும் கைக்கும் இடமில்லை.

இதை வெறும் கொள்ளை என்று தள்ளிவிடத்தான் முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2007இல் வெளியிட்ட அறிக்கை என்னை நிறுத்தி வைத்தது. அந்த மதிப்பெண் உண்மையாகவே வேலை செய்கிறது, மதிப்பெண் குறைந்தவர்கள் சராசரியாக அதிகம் இழப்பீடு கோருகிறார்கள் என்று அது சொன்னது. அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் குறைந்த மதிப்பெண் வரிசையில் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட மிகுதியாக இருக்கிறார்கள். ஏன் அது வேலை செய்கிறது என்பதற்கு ஒரே விளக்கம் கிடையாது. அதே 2007இல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், பணத்தைக் கையாளும் மனப்போக்கும் ஆபத்தைக் கையாளும் மனப்போக்கும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்று வாதிட்டு எழுதினார்கள். கடன் அட்டையில் அசட்டையாக இருப்பவர் சாலைச் சந்திப்பிலும் அசட்டையாக இருப்பார் என்பதுதான் அதன் சாரம்.

எனக்கு இந்த விளக்கம் ஒப்பவில்லை. என் கட்டங்களில் 1, 2 விழுந்திருந்த அந்த மாதங்களில்தான் நான் வாழ்க்கையிலேயே மிகவும் கவனமாகக் கார் ஓட்டினேன். முன்விளக்கு ஒன்று உடைந்தால்கூட மாற்றப் பணமில்லை என்று தெரிந்தவளின் கவனம் அது. பினாங்குப் பாலத்தில் இடது தடத்தைவிட்டு விலகாமல், லாரிகளுக்குப் பின்னாலேயே 13.5 கிலோமீட்டரையும் கடந்த நாட்கள் அவை.

ஆனால் அந்த மதிப்பெண் அளப்பது விபத்தை அல்ல, கோரிக்கையை என்பதைப் புரிந்துகொண்ட பிறகு, விளக்கம் வேறு எங்கோ இருப்பதாக எனக்குத் தோன்றத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டின் கடைசியில் கொம்தார் வாகன நிறுத்துமிடத்தில் தூண் ஒன்றில் காரின் பின்பக்கத்தை இடித்துவிட்டேன். முழுத் தவறும் என்னுடையது. பட்டறையில் 650 வெள்ளி கேட்டார்கள். கழிவில் அப்போது 38.33 விழுக்காட்டுப் படியில் இருந்தேன், வரும் ஏப்ரலில் 45க்கு ஏற வேண்டும். வீட்டில் உட்கார்ந்து தாளில் கணக்குப் போட்டேன். இழப்பீடு கோரினால், அடுத்த ஐந்து ஆண்டுகளில் 45, 55, 55, 55, 55 என்று கிடைக்க வேண்டிய கழிவு 0, 25, 30, 38.33, 45 என்று ஆகும். 18,000 வெள்ளி மதிப்புக்குப் பழைய கட்டண விகிதத்தையே அடிப்படையாக வைத்து, கார் ஆண்டுக்கு ஆண்டு மதிப்பிழப்பதைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், இழப்பு ஏறத்தாழ 900 வெள்ளி. ஆகவே 650 வெள்ளியைக் கையிலிருந்து கொடுத்துவிட்டேன். என் பதிவேடு தூய்மையாகவே இருந்தது.

அதே மாதத்தில் எங்கள் தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவில் வேலை செய்யும் ஒருவர், கிட்டத்தட்ட இதே போன்ற தவற்றால் முன் பம்பரைக் கிழித்துக்கொண்டார். பட்டறையில் 1,500 வெள்ளி சொன்னார்கள். அவரிடம் பணம் இல்லை. மனைவி நகையை வைத்திருந்த அடகுக் கடைச் சீட்டே இன்னும் மீளவில்லை என்று சொன்னார். இழப்பீடு கோரினார், கழிவைப் பறிகொடுத்தார். காப்புறுதி நிறுவனத்தின் கணினியில் அவர் ஆபத்தானவர், நான் பாதுகாப்பானவள். தூண் என்னிடமும் அசையவில்லை, அவரிடமும் அசையவில்லை. என் வங்கிக் கணக்கில் 650 வெள்ளி இருந்தது, அவருடையதில் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

கடன் மதிப்பெண் கோரிக்கைகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்பதில் எனக்கு இப்போது வியப்பில்லை. கையில் பணம் இல்லாதவர் தவணை தவறுகிறார். கையில் பணம் இல்லாதவர் சிறு சேதத்துக்கும் இழப்பீடு கோருகிறார். இரண்டையும் இணைக்கும் கயிறு இதுதான் என்பது என் ஊகம். முழுக் கயிறும் இதுவே என்று சொல்ல மாட்டேன், அசட்டை மனிதர்களும் உலகில் இருக்கிறார்கள். ஆனால் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்: அதிகம் கோருபவர் அதிகம் கட்ட வேண்டும். கணக்காய்வாளராக அதை மறுக்க எனக்கு வழியில்லை. எனக்கு மறுப்பு உள்ள இடம் வேறு. சட்டம் கட்டாயப்படுத்தும் ஒரு பொருளின் விலையை, நம் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் போல பெரும்பாலான நாடுகளும் ஏதோ ஒரு வடிவில் கட்டாயப்படுத்தும் ஒன்றின் விலையை, இல்லாதவருக்கு இல்லை என்பதற்காகவே ஏற்றுவது நியாயமாக இருக்க முடியாது.

அமெரிக்காவிலேயே இதை ஏற்காத மாநிலங்கள் உண்டு. கலிபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் ஆகியவற்றில் கார் காப்புறுதி விலைக்குக் கடன் மதிப்பெண்ணைப் பயன்படுத்த முடியாது. கலிபோர்னியாவில் 1988 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவு, விலையை முதலில் எவை தீர்மானிக்க வேண்டும் என்பதை வரிசையாகவே எழுதி வைத்தது: ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, ஆண்டுக்கு ஓட்டும் தூரம், ஓட்டிய அனுபவ ஆண்டுகள். படிக்கும்போதே மனம் குளிர்கிறது. மூன்றுமே ஓட்டுவதோடு தொடர்புள்ளவை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலமும் கார் காப்புறுதியில் கடன் தகவலைத் தடுத்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் அன்றைய காப்புறுதி ஆணையர் மைக் கிரைட்லர், பெருந்தொற்றுக் காலத் தவணைச் சலுகைகளால் கடன் அறிக்கைகளே நம்பத்தக்கவையாக இல்லை என்று கூறி 2021இல் தடை கொண்டுவந்தார். நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. டெக்சஸில் தடை இல்லை. தடை இல்லாத இடங்களில் நிலைமை எவ்வளவு தலைகீழாகப் போகும் என்பதற்கு, கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2015இல் ஃபுளோரிடாவைப் பற்றிக் கண்டறிந்தது ஒன்று போதும்: குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்ற, ஆனால் கடன் மதிப்பெண் மிக நன்றாக உள்ள ஒருவரைவிட, ஒரு குற்றமும் செய்யாத, ஆனால் மதிப்பெண் மோசமான ஒருவர் அங்கே சராசரியாக அதிகம் கட்டிக்கொண்டிருந்தார்.

நம் பக்கம் திரும்பினால், பழைய ஒரே கட்டண முறை இப்போது இல்லை. 2016 ஜூலை 1 முதல் புதிய வகைக் காப்புறுதிகளை விற்க அனுமதித்த பேங்க் நெகாரா, 2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதிக்கும், மூன்றாம் தரப்பு (நம் காரால் பிறருக்கு நேரும் சேதம்), தீ, திருட்டுக் காப்புறுதிக்கும் நிறுவனங்களே விலை வைத்துக்கொள்ள விட்டுவிட்டது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் பழைய விகிதத்திலேயே தொடர்ந்தது. அன்றிலிருந்து காரின் மதிப்பும் சிசியும் மட்டுமல்லாமல், ஓட்டுநரின் வயது, பாலினம், காரின் பாதுகாப்பு வசதிகள், அது இரவில் நிற்கும் ஊர், முந்திய கோரிக்கைகள், போக்குவரத்துக் குற்றப் பதிவு என்று பலவற்றையும் நிறுவனங்கள் கருத்தில் கொள்ளலாம். கழிவுப் படிகள் மட்டும் மாறவில்லை. ஒரே காருக்கு இரண்டு இடத்தில் கேட்டால் இரண்டு விலை. என் மைவிக்கு ஓராண்டில் மூன்று இடத்தில் கேட்டேன், மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடையே 170 வெள்ளி வித்தியாசம் இருந்தது.

ஏன் அந்த 170 வெள்ளி? யாரும் சொல்லவில்லை. இதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை. மாமா மகனுக்கு நடந்தது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நாட்டின் 1970ஆம் ஆண்டுக் கடன் அறிக்கைச் சட்டத்தால், கடன் தகவலை வைத்து ஒருவருக்குப் பாதகமான முடிவு எடுத்தால் அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் அறிக்கை என்று சொல்ல வேண்டும். அறுபது நாட்களுக்குள் அவர் கேட்டால் அந்த அறிக்கை இலவசமாகக் கிடைக்க வேண்டும். அவன் கேட்டான், கிடைத்தது, பழைய முகவரித் தவறு தெரிந்தது, நிலுவையைக் கட்டினான். எனக்கு வந்த மூன்று விலைப்பட்டியல்களில் ஒவ்வொன்றிலும் ஒரு தொகையும் கட்ட வேண்டிய கடைசித் தேதியும் மட்டுமே இருந்தன. என் கடன் பதிவைப் பற்றி யாரும் என்னிடம் இன்று வரை கேட்டதில்லை என்பது உண்மை. என் வயதையோ, வெள்ளம் வரும் என் தெருவையோ எப்படி எடைபோட்டார்கள் என்பதையும் யாரும் சொன்னதில்லை.

கடன் பதிவும் ஒருநாள் அந்தக் கணக்கில் நுழைந்தால், யாருடைய பெயர்கள் கீழ் வரிசையில் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். தோட்டத்தை விட்டு வெளியேறி, வங்கிக் கணக்கையே முப்பது வயதில் தொடங்கிய எங்கள் பெரியம்மா வீட்டுப் பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வருகின்றன. அவர்களில் இருவர் லாரி ஓட்டுநர்கள். சொந்தக் காரில் போகும்போது என்னைவிடப் பத்து மடங்கு நிதானமாகப் போவார்கள்.

2023 ஏப்ரலில் நான் 55 விழுக்காட்டை எட்டினேன். அப்பா விட்டுச்சென்ற இடத்துக்கு வந்து சேர ஏழு ஆண்டுகள் ஆயின. மறு ஆண்டு புதிய கார் ஒன்று வாங்கி, அந்தக் கழிவை அதற்குக் கொண்டுபோனேன். மைவியை அண்ணன் மகனுக்குக் கொடுத்தேன். அவனுக்கு இருபது வயது, புதிதாக ஓட்டுபவர்களுக்குத் தரும் பி லைசென்ஸ்தான். அவன் பெயரில் விலை கேட்டபோது தொகை என் பெயரில் இருந்ததைவிட அதிகமாக வந்தது. “அத்தை, உங்க பேருலயே இருக்கட்டுமே, நான் ஓட்டிக்கிறேன்” என்றான். அப்பாவும் நானும் செய்திருந்தது அதுதான். வேண்டாம், உன் பெயரிலேயே எடு, உன் ஆண்டுகள் உன் கணக்கில் ஏறட்டும் என்றேன். கூடுதல் தொகையில் பாதியை நான் போட்டேன்.

ஆறாம் மாதம் அவன் வேலையிடத்தில் ஒரு கம்பி வேலியில் காரின் பக்கவாட்டை இழுத்துவிட்டு வந்து வாசலில் நின்றான். பட்டறையில் 780 வெள்ளி சொன்னார்கள். அவன் வயதுக்கும் பி லைசென்ஸுக்கும் இழப்பீட்டில் முதல் 400 வெள்ளியை அவனே ஏற்க வேண்டும். ஆகக் கோரினாலும் கைக்கு வருவது 380 வெள்ளி, போவது முதல் படியின் 25 விழுக்காடும் அதற்குப் பின்னால் வரும் படிகளும். அவனிடம் 200 வெள்ளி இருந்தது. நான் பணப்பையை எடுத்து மிச்சம் 580 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன். பட்டறைக்காரர் ரசீது வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நவம்பரில் அவனுக்கு 25 விழுக்காடு கிடைக்கும்.